தட்டோர வெள்ளரி

சிங்கப்பூரின் பிடோக்கில் சாலட் சாப்பிடுகிறவர்கள் யார் என்று கேட்டால், கடைத்தொகுதியில் இலை தழைகளைக் கிண்ணத்தில் அடுக்கி விற்கும் கடைமுன் மதிய வேளையில் வரிசை பிடிக்கும் இளைஞர்களைத்தான் எல்லாரும் கைகாட்டுவார்கள். அது பாதி விடைகூட இல்லை. ஃபெங்ஷானில் புளோக் 85 உணவங்காடி நிலையத்தில் சாத்தே வாங்குகிறவருக்குப் பச்சை வெள்ளரியும் பச்சை வெங்காயமும் கூடவே வருகின்றன. கோழிச்சோற்றுக்கு வெள்ளரி வில்லை, நாசி லெமாக்குக்கு வெள்ளரி வில்லை, முர்தபாவுக்குத் தக்காளி சாஸ் ஊற்றிய வெள்ளரி. மீ ரெபுஸில் கிடக்கும் தவ்கே, அதாவது பயறுமுளை, வெந்நீரில் ஒரு முக்கு முக்கியதோடு சரி. பிரியாணிக்கு வெங்காயப் பச்சடி, தோசைக்குத் தேங்காய்ச் சட்னி, எல்லாவற்றின் தலையிலும் கொத்துமல்லி. சாலட் என்ற பேச்சே வாயில் வராத எழுபது வயதுப் பாட்டியும் அன்றாடம் பச்சைக் காய் தின்றுகொண்டுதான் இருக்கிறார்.

பச்சைக் காய்களில் உள்ள கிருமிகளைப் பற்றி உலகில் நடந்திருக்கும் ஆய்வுகளில் பெரும்பங்கு பையில் அடைத்து விற்கும் கீரைகளைப் பற்றியது. அது அமெரிக்கச் சமையலறையின் கவலை. நம் தட்டோரங்களை மனத்தில் வைத்துக்கொண்டு அவற்றைப் படித்தால் கேள்வி கொஞ்சம் திரும்பிக்கொள்கிறது. கிருமி காய்மேல் எங்கே ஏறுகிறது என்பது ஒன்று. ஏறியது எங்கே பெருகுகிறது என்பது இன்னொன்று. நம் வீடுகளில் அக்கறை முழுவதும் முதல் கேள்வியிலேயே, குழாயடியில் கழுவுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. சிங்கப்பூர் பட்ட பாடோ இரண்டாவது கேள்வியைத்தான் காட்டுகிறது.

அந்தப் பாடு 2009 ஏப்ரல் தொடக்கத்தில் நடந்தது. பிடோக்கிலிருந்து எம்ஆர்டியில் மூன்று நிலையம் தள்ளி இருக்கிறது பாய லேபார். அதை ஒட்டியதுதான் கேலாங் சிராய். புதிய சந்தை கட்டி முடியும்வரை வணிகர்கள் தற்காலிகச் சந்தையில் கடை போட்டிருந்தார்கள். அங்கிருந்த ஓர் இந்திய ரோஜாக் கடையில் சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். எண்ணிக்கை 150-ஐத் தாண்டியது. நாற்பதுக்கும் மேற்பட்டோரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஒருவருக்குக் கரு கலைந்தது. அதற்கு முன் சிங்கப்பூரில் உணவு நச்சு என்றால் இரண்டு நாள் மருத்துவ விடுப்பு என்ற அளவில்தான் மக்கள் நினைத்திருந்தார்கள்.

இந்திய ரோஜாக் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கைப்பக்குவத்தில் இந்த ஊரில் ஊன்றிய பண்டம். பருப்பு வடை, இறால் வடை, உருளைக்கிழங்கு, தௌஹு, முட்டை, இறைச்சி நுரையீரல் என்று கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருப்பதிலிருந்து வாடிக்கையாளர் கைகாட்டுவதை எடுத்து, நறுக்கி, கூடவே பச்சை வெள்ளரியும் வெங்காயமும் பச்சை மிளகாயும் வைத்து, இனிப்பும் காரமுமான சாறோடு தருவார்கள். வடை எண்ணெய்ச் சட்டியில் வெந்தது. வெள்ளரிக்கு எந்தச் சூடும் இல்லை. பெரும்பாலான கடைகளில் இரண்டும் ஒரே பலகையில், ஒரே கத்தியில் நறுக்குப்படும். கடையின் பின்பக்கத்தில் பச்சை இறாலும் கணவாயும் உரிபடும்.

சம்பவம் வெளியானதும் சந்தையை மூடிக் கழுவினார்கள், எலி பிடித்தார்கள். ஊர்ப்பேச்சு முழுக்க எலியைப் பற்றியே இருந்தது. எலி இருந்தது கேவலம்தான், மறுக்கவில்லை. ஆனால் நோயாளிகளின் மலத்தில் ஆய்வகம் கண்டது எலியின் கிருமி அல்ல, கடலின் கிருமி: விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். பச்சைக் கடலுணவிலிருந்து அது ரோஜாக்குக்குத் தாவியிருக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு சொன்னது. பலகையோ கத்தியோ கையோ பாத்திரமோ அதைச் சுமந்து போயிருக்கிறது. தோட்டத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை; குழாயடியில் எவ்வளவு கழுவியிருந்தாலும் பயன் இருந்திருக்காது, ஏனென்றால் அழுக்கு சேர்ந்தது கழுவிய பிறகு.

இந்தக் கிருமி உப்புநீரில் வாழ்வது. 1950-இல் ஜப்பானின் ஒசாகாவில் அரைகுறையாக உலர்த்திய சிறு மீன்களைத் தின்ற 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோது ஃபுஜினோ என்ற ஆய்வாளர் அதைப் பிரித்தெடுத்தார். சில ஆண்டுகள் கழித்து யோகோஹாமாவில் ஒரு மருத்துவமனையில் இதே கிருமி மறுபடி தலைகாட்டியது. இந்த முறை அது வந்த உணவு மீன் இல்லை, லேசாக உப்பிட்டு வைத்த காய். தரையில் விளைந்த காய்க்குள் கடல் கிருமி எப்படி வந்தது என்பதற்கு மீன் வெட்டும் சமையற்கட்டைத் தவிர வேறு விடை தேட வேண்டியதில்லை. கேலாங் சிராயில் நடந்தது அரை நூற்றாண்டுப் பழைய கதை.

விப்ரியோவின் இன்னொரு குணம் அதன் வேகம். தோதான சூட்டில் அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்றே ஒன்று என்று தொடங்கினாலும் நான்கு மணி நேரத்தில் இருபத்து நான்கு முறை இரட்டித்து 16 மில்லியனைத் தாண்டும். இது கணக்குப் புத்தகக் கணக்கு; தட்டில் கிடக்கும் காயில் அவ்வளவு சொகுசு அதற்குக் கிடைக்காது. ஆனாலும் சிங்கப்பூரில் பகல் வெப்பம் 31, 32 பாகை. எண்ணெய்ச் சட்டியும் நீராவிப் பானையும் கொதிக்கும் கடைக்குள் அதற்கும் மேல். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் உணவை வைக்காதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு வகுப்புகளில் சொல்கிறார்கள். நம் ஊர் வானிலையே அந்த இடைவெளியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சமைத்து அனுப்பும் விருந்து உணவுகளின்மேல் நான்கு மணி நேரத்துக்குள் உண்ணவும் என்று முத்திரை ஒட்டச் சொல்வதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிரித்துப் பார்த்தால் மற்ற ஆய்வுகள் எல்லாம் தத்தம் இடத்தில் அமர்ந்துகொள்கின்றன. விப்ரியோ ஒரு மனிதரைப் படுக்கவைக்க லட்சக்கணக்கில் உள்ளே போக வேண்டும். ஆகவே அதற்குப் பெருக நேரமும் சூடும் வேண்டும். அதைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது. ஈ. கோலி ஓ157 என்ற வகைக்கு நூற்றுக்கும் குறைவான கிருமிகளே போதும். அதற்குச் சமையற்கட்டில் பெருக வேண்டிய அவசியமே இல்லை. தோட்டத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தால் போதும். முதல் வகைக்குக் கடைக்காரர் காவல். இரண்டாவது வகைக்கு விவசாயிதான் காவல், நாம் செய்யக்கூடியது கொஞ்சமே.

2006-இல் அமெரிக்காவில் பையில் அடைத்த பசலைக்கீரையால் 26 மாநிலங்களில் ஏறத்தாழ 200 பேர் நோயுற்றார்கள். கலிஃபோர்னியாவில் மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்திலிருந்த ஒரு வயல்வரை தடம் போனது. காட்டுப்பன்றிகள் இரண்டுக்கும் இடையே நடமாடியிருந்தன. 2018-இல் அரிசோனாவின் யூமா பகுதியில் விளைந்த ரோமெய்ன் கீரையால் 210 பேர் நோயுற்று ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய மாட்டுத்தொழுவம் ஒன்றின் அருகே ஓடிய பாசனக் கால்வாய் நீரில் அதே கிருமி கிடைத்தது. இரண்டிலும் குற்றவாளி தண்ணீரும் சாணமும். வயலில் ஒரு மூலையில் ஏறிய கிருமி ஆலையின் கழுவு தொட்டியில் ஊர் முழுவதற்குமான கீரையோடு கலந்துவிட்டது. ஒரு கட்டுக் கீரையின் கேடு பத்தாயிரம் பைகளுக்குப் பங்கு பிரிந்தது.

நம் காய்கள் எங்கிருந்து வருகின்றன? சிங்கப்பூர் தன் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. காய்கறியில் உள்ளூர் விளைச்சலின் பங்கு அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 3 சதவீதம். மலேசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் லாரியிலும் கப்பலிலும் வந்து பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் இறங்கி, விடியுமுன் பிடோக்கின் ஈரச்சந்தைகளுக்குப் பிரிந்து போகின்றன. சாலட் கீரையும் தக்காளியும் கேமரன் மலையிலிருந்து வருபவை கணிசம். பதப்படுத்தாத கோழி எருவைப் போடுவதால் ஈ மொய்க்கிறது என்பது அந்த மலையில் பழைய புகார். எரு நன்றாக மக்கி, சூடேறி ஆறியிருந்தால் கிருமி சாகும், பச்சையாகப் போட்டால் வாழும். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் வாங்கும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் தமிழ்நாட்டு மண்ணைத் தொட்டு வந்தவை. திருச்சியிலிருந்து வரும் விமானத்தில் பயணிகளுக்குக் கீழே காய்கறிக் கூடைகளும் பறந்து வருகின்றன.

இவ்வளவு கைகள் மாறி வந்த பிறகு காயின்மேல் என்னதான் இருக்கிறது? சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கே விற்கும் காய், பழங்களில் 125 மாதிரிகளை எடுத்துச் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். மொத்தக் கிருமிகளின் எண்ணிக்கை மாதிரிக்கு மாதிரி மலைக்கும் மடுவுக்குமாக இருந்தது. ஈ. கோலி ஒருசிலவற்றில் மட்டும். சால்மொனெல்லாவோ ஓ157 வகையோ எதிலும் இல்லை. ஆறுதலான முடிவு. ஆனால் 125 மாதிரி என்பது ஒரு ஈரச்சந்தையின் ஒரு காலைப்பொழுதுக்குக்கூடக் காணாது. கொடிய கிருமி இருக்கும் காய் ஆயிரத்தில் ஒன்றாக இருந்தால் இத்தகைய ஆய்வின் வலையில் அது சிக்க வாய்ப்பு குறைவு. தினந்தோறும் தின்னும் ஆபத்து சிறியது என்று சொல்ல இந்த ஆய்வு போதும். இல்லவே இல்லை என்று சொல்லப் போதாது.

இனி கழுவுவது. இலையின் மேற்பரப்பு நம் கண்ணுக்குத்தான் வழவழப்பு. கிருமியின் அளவில் பார்த்தால் அது மேடும் பள்ளமும் துளையுமான நிலம். இலை மூச்சுவிடும் துளைகளுக்குள் சால்மொனெல்லா நுழைந்துகொள்வதையும், வெளிச்சத்தில் இலை சர்க்கரை செய்யும்போது அதை நாடிப் போவதையும் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். போதாததற்குக் கிருமிகள் தம்மைச் சுற்றிப் பசை போன்ற படலம் கட்டிக்கொள்கின்றன. ஓடும் நீரில் நன்றாகக் கழுவினால் பத்தில் ஒன்பது பங்கு போகும், நன்றாகத் தேய்க்க முடிந்த காயாக இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. கேட்க நன்றாக இருக்கிறது. 100,000 கிருமி இருந்த இடத்தில் பத்தாயிரமோ ஆயிரமோ மிஞ்சும் என்பதுதான் அதன் பொருள். குளோரின் கலந்த நீரும் இலைமேல் இதைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிப்பதில்லை. ஆலைகள் குளோரினைச் சேர்ப்பது இலையைச் சுத்தமாக்குவதைவிட, தொட்டி நீர் வழியே ஒரு கீரையின் கிருமி இன்னொன்றுக்குப் போகாமல் தடுப்பதற்காகத்தான்.

சிங்கப்பூர் உணவு அமைப்பு கீரைகளை இதழ் இதழாகப் பிரித்துக் கழுவி, 15 நிமிடம் ஊறவைத்து, மறுபடி அலசச் சொல்கிறது. ஊறவைப்பது பூச்சிமருந்து எச்சம் போவதற்கு. பலரும் இதைக் கிருமிக்கான மருந்து என்று எடுத்துக்கொண்டு முதல் அலசலையும் கடைசி அலசலையும் விட்டுவிட்டு நடு வேலையை மட்டும் செய்கிறார்கள். கிருமியைப் பொறுத்தவரை ஊறும் பாத்திரம் அந்த அமெரிக்க ஆலைத் தொட்டியின் சின்ன வடிவம்: ஒரு வேரிலிருந்த மண் எல்லா இலைக்கும் போய்ச் சேரும். உப்பு, மஞ்சள், வினிகர் என்று ஆளுக்கொரு கைவைத்தியம் இருக்கிறது. வினிகர் கொஞ்சம் உதவும். மஞ்சளும் உப்பும் நம் மனத்துக்கு உதவும். வெள்ளரிக்கு எளிய வழி உண்டு. நறுக்குமுன் குழாயடியில் தேய்த்துக் கழுவி, துடைத்து, பிறகு தோலைச் சீவுங்கள். கழுவாமல் சீவினால் கத்தி தோலிலிருப்பதைச் சதையில் பூசிவிடும். தோல் கிழியாத முழு வெள்ளரியில் கிருமிக்கு வெளியே வறட்சி. நறுக்கிய நொடியில் சாறு கசிகிறது, அங்கிருந்து எல்லாம் மாறுகிறது.

2014-இல் ஜப்பானின் ஷிசுவோக்கா நகரில் வாணவேடிக்கைத் திருவிழாவில் குச்சியில் குத்திய குளிர்ந்த வெள்ளரியை வாங்கித் தின்றவர்களில் 500-க்கும் மேற்பட்டோர் ஓ157 தொற்றுக்கு ஆளானார்கள். 2015-இல் மெக்சிகோவிலிருந்து அமெரிக்கா போன வெள்ளரியில் சால்மொனெல்லா இருந்து 900-க்கும் மேற்பட்டோர் நோயுற்று ஆறு பேர் இறந்தார்கள். இதற்கெல்லாம் முன் 2011-இல் செய்யாத குற்றத்துக்கும் வெள்ளரி பழி சுமந்திருக்கிறது. ஜெர்மனியில் ஈ. கோலி ஓ104 என்ற புது வகை பரவி மக்கள் சிறுநீரகம் செயலிழந்து விழத் தொடங்கியபோது ஹம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரியைக் கைகாட்டினார்கள். ஸ்பெயின் விவசாயிகள் டன் டன்னாகக் காயைக் குப்பையில் கொட்டினார்கள். ஏறத்தாழ 3,800 பேர் நோயுற்று 50-க்கும் மேற்பட்டோர் இறந்த அந்தக் கொள்ளைநோயின் மூலம் வெள்ளரியில் இல்லை. கீழ் சாக்சனி மாநிலத்து முளைப் பண்ணை ஒன்றில், எகிப்திலிருந்து வந்த விதையின் முளைகளில் இருந்தது. விதை வேறெதுவும் இல்லை, நம் அஞ்சறைப் பெட்டி வெந்தயம். பழி நீங்கிய விவசாயிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு ஒதுக்கியது.

இந்த வெந்தயச் செய்தி தமிழ் வீடுகளில் போய்ச் சேரவே இல்லை. நீரிழிவுக்கு நல்லது என்று இரவெல்லாம் வெந்தயத்தை ஊறவைத்து, முளைகட்டி, காலையில் வெறும் வயிற்றில் பச்சையாக மெல்லுகிறவர்கள் பிடோக்கில் மாடிக்கு ஒருவராவது இருப்பார்கள். முளை விடத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் அப்படியே பொருந்துகின்றன. விதையின் கீறலில் ஒன்றிரண்டு ஒளிந்திருந்தால் முளையோடு சேர்ந்து அதுவும் பெருகும். 1996-இல் ஜப்பானின் சக்காய் நகரில் பள்ளி உணவு உண்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஓ157 தொற்றில் விழுந்தபோதும் சந்தேகம் முள்ளங்கி முளைமேல்தான் போனது. அப்போதைய சுகாதார அமைச்சர் நவோட்டோ கான் தொலைக்காட்சி முன் முளையைத் தின்று காட்டி விவசாயிகளைத் தேற்ற வேண்டியிருந்தது. முளைகட்டிய பயறை மூன்று நிமிடம் ஆவியில் வைத்து எடுத்தால் சத்து ஓடிவிடாது. சுண்டல் செய்கிறவர்களுக்கு இது புதிய அறிவும் இல்லை. தவ்கேயைக் கொதிநீரில் முக்கும் கடைக்காரர் அதை ஒரு நிமிடம் கூடுதலாக விட்டால் மொறுமொறுப்புக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

வெற்றிலையும் இந்தக் கணக்கில் வர வேண்டியது, யாரும் சேர்ப்பதில்லை. சூடு காணாமல் நேராக வாய்க்குப் போகும் இலை அது. பங்ளாதேஷ் வெற்றிலையில் சால்மொனெல்லா திரும்பத் திரும்பக் கிடைத்ததால் 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் இறக்குமதிக்கே தடை போட்டது. லிட்டில் இந்தியாவில் பூக்கடைக்காரர் நீர் தெளித்துத் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கும் வெற்றிலையை வாங்கி, முதுகைத் துணியில் ஒரு துடைப்புத் துடைத்துச் சுண்ணாம்பு தடவுவதுதான் நம் வழக்கம். திருமண வீட்டில் அதுவும் இல்லை. குழாயடியில் இருபுறமும் அலச ஒரு நிமிடம் ஆகாது.

தேங்காய்ச் சட்னியைப் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை உண்டு: மேலே தாளித்துக் கொட்டிவிட்டோம், இனி பயமில்லை என்று. ஒரு கரண்டி எண்ணெய் ஒரு பாத்திரச் சட்னியின் சூட்டை மூன்று நான்கு பாகைகூட உயர்த்தாது. தாளிப்பு வாசத்துக்கு. காலையில் அரைத்த சட்னியை மதியம்வரை மேசையில் வைத்திருக்கும் கடை எது, அரை மணிக்கொரு தரம் குளிர்பெட்டியிலிருந்து எடுக்கும் கடை எது என்று நாக்கே சொல்லிவிடும் என்பார்கள் பெரியவர்கள். புளித்த சட்னிக்கு அது சரி. நோய் தரும் கிருமிக்கு நாற்றமும் இல்லை, புளிப்பும் இல்லை.

பழைய தமிழ்ச் சமையற்கட்டு ஒரு விஷயத்தில் மட்டும் நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. மீன் அரியும் வீடுகள் பலவற்றில் மீனுக்கென்று தனி அரிவாள்மனை இருந்தது. அது கொல்லைப்புறத்தில் கிடக்கும், காய் அரியும் மனையோடு சேராது. கவுச்சி நாற்றத்துக்குப் பயந்து செய்த ஏற்பாடு, கிருமிக்கும் பொருந்திப்போனது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீ.வ.க.) அடுக்குமாடிக்குக் குடிவந்தபோது கொல்லைப்புறமும் போயிற்று, அரிவாள்மனையும் போயிற்று. ஒரு பலகை, ஒரு கத்தி, ஒரு துடைக்கும் துணி என்றாகிவிட்டது. கோழியை வெட்டிய பலகையைத் தண்ணீரில் காட்டிவிட்டு அதிலேயே தக்காளி நறுக்குகிறோம். உலகச் சுகாதார நிறுவனம் 2001-இல் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டாவது விதியே பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வைக்கச் சொல்வதுதான். இரண்டு வெள்ளிக்குப் பச்சை நிறத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று என்று பிளாஸ்டிக் பலகைகள் கிடைக்கும்போது இதற்கு மேல் உபதேசம் வேண்டியதில்லை.

கிருமி யாரை வீழ்த்துகிறது என்ற கேள்விக்கு வந்தால் பிடோக் தனியாகப் பேச வேண்டிய இடம். தீவில் முதியோர் மிக அதிகமாக வாழும் வட்டாரங்களில் ஒன்று இது. இளைஞனுக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கோடு போகும் சால்மொனெல்லா, எண்பது வயதுக்காரரின் ரத்தத்தில் இறங்கிவிடும். லிஸ்டீரியா இன்னும் தந்திரக்காரக் கிருமி. மற்றவை குளிர்பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கும். இது 4 பாகையிலும் மெல்ல மெல்லப் பெருகும். கனடாவின் கிழக்குக் கடலோர மாநிலங்களில் 1981-இல் கருவுற்ற பெண்களும் வயதுவந்த வேறு சிலரும் நோயுற்ற 41 நேர்வுகளை ஆராய்ந்தபோதுதான் அது உணவு வழியே வரும் என்பதே உறுதியானது. ஆட்டு எரு போட்ட வயலில் விளைந்த முட்டைக்கோஸைக் குளிர்காலம் முழுவதும் குளிர்ந்த கிடங்கில் போட்டு வைத்து, பிறகு பச்சையாகத் துருவிக் கோல்ஸ்லாவாக விற்றிருந்தார்கள். கிடங்கின் குளிர் காயைக் காப்பாற்றியது, கிருமியையும் வளர்த்தது. 2018-இல் ஆஸ்திரேலியப் பண்ணை ஒன்றின் முலாம்பழத்தில் லிஸ்டீரியா கண்டபோது சிங்கப்பூர் அதிகாரிகளும் இங்கு விற்பனைக்கு வந்த அந்தப் பழங்களைத் திரும்பப் பெற்றார்கள்.

ஆகவே எல்லாருக்கும் ஒரே அறிவுரை என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல உடம்புக்காரர் பச்சைக் காயைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. காயைக் குறைத்துக்கொள்வதால் வரும் கேடு கிருமியால் வருவதைவிடப் பெரிது. கருவுற்றிருப்பவரும், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவரும், டயாலிசிஸ் செய்துகொள்பவரும், மிக முதியவரும் வெளியில் நறுக்கி வைத்த எந்தப் பச்சைக் காயையும் ஒதுக்கிவிடுவது நல்லது. வீட்டில் அப்போதே நறுக்கித் தின்பது வேறு. பாட்டியின் நாசி லெமாக்கில் வெள்ளரி வேண்டாம் என்று கடையில் சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

சட்டத்தின் பக்கம் குறை சொல்ல அதிகமில்லை. உணவைக் கையாளும் எவரும் பயிற்சி முடித்திருக்க வேண்டும். 2018 நவம்பரில் ரிவர் வேலியிலிருந்த ஓர் உணவகம் அனுப்பிய பெந்தோ பெட்டிகளால் ஏறத்தாழ 80 பேர் சால்மொனெல்லா தொற்றுக்கு ஆளாகி ஒருவர் இறந்தபோது, அங்கே பதிவு பெறாத ஊழியர்களும் இருந்தது வெளிவந்து அதன் உரிமம் ரத்தானது. 2019 ஏப்ரலில் சிங்கப்பூர் உணவு அமைப்பு தோன்றி, அதுவரை பல துறைகளில் சிதறிக் கிடந்த பொறுப்பு ஓரிடத்துக்கு வந்தது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2028 வரை கட்டங்கட்டமாக நடப்புக்கு வருகிறது. பொருள் யாரிடமிருந்து வந்தது, யாரிடம் போனது என்ற பதிவை வணிகர்கள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். ஜெர்மனியின் கதையைப் படித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ரப்பர் வளையம் போட்டு அடுக்கிய கொத்துமல்லிக் கட்டுக்கு எப்படிப் பதிவு வைப்பது என்பது ஈரச்சந்தை வணிகருக்குத் தலைவலிதான்.

தமிழ்நாட்டில் போக்கு வேறு மாதிரி. அங்கே 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தார்கள். ஷவர்மாவிலும் சாலட்டிலும் அது படுத்திய பாட்டுக்குத் தடை நியாயமே. ஆனால் ஒரு பொருளைத் தடுப்பது சுலபம், பலகையைத் தடுக்க முடியாது.

உணவங்காடிக்காரர்களின் சராசரி வயது அறுபதை ஒட்டி இருக்கும் ஊர் இது. ஒற்றை ஆளாக நின்று வறுக்கிறார், நறுக்குகிறார், சில்லறை கொடுக்கிறார். காலை ஆறு மணிக்கு ஒரு பெட்டி வெள்ளரியை மொத்தமாக நறுக்கி வைத்துவிட்டால் மதிய நெரிசலில் அவருக்குக் கை ஓயும். அந்த ஓய்வை யாரும் குறை சொல்ல முடியாது. பெட்டியைப் பனிக்கட்டிமேல் வைப்பதும், இரண்டு மணிக்கொரு தரம் சின்னச் சின்னதாக நறுக்குவதும் செலவில்லாத மாற்றங்கள். கியூஆர் குறியீட்டில் பணம் செலுத்துவது வந்ததில் காசு தொட்ட கை காய் தொடுவது தானாகவே குறைந்தது. உணவுப் பாதுகாப்புக்காக யாரும் கொண்டுவராத உணவுப் பாதுகாப்பு அது.

சட்டத்தின் கண் அதிகம் எட்டாத ஓர் இடம் மிச்சமிருக்கிறது. வீட்டிலிருந்தே சமைத்து விற்க இங்கே உரிமம் தேவையில்லை. தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் வாட்ஸ்அப்பில் சொல்லி வைத்தால் பிரியாணி வீடு தேடி வந்துவிடும். கைமணம் கடையைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் கொதிக்கும் பிரியாணிப் பெட்டியையும் குளிர்ந்த வெங்காயத் தயிர்ப் பச்சடியையும் ஒரே பையில் போட்டு அனுப்புகிறார்கள். தம்பினீஸிலிருந்து பிடோக் ரிசர்வாயர் சாலைக்கு வந்து, விருந்தினர் கூடி, படம் எடுத்து, பரிமாறி முடிப்பதற்குள் பிரியாணி 60 பாகைக்குக் கீழே இறங்கியிருக்கும், பச்சடி 5 பாகைக்கு வெகு மேலே ஏறியிருக்கும். பச்சடியைத் தனிப் பையில், ஒரு சிறு பனிப்பொட்டலத்தோடு தரச் சொல்லுங்கள். சொல்லியும் தராவிட்டால் வெங்காயமும் தயிரும் வீட்டிலேயே இருக்கின்றன, பிரியாணி வந்த பிறகு கலந்துகொள்ளலாம்.